ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) எனப் பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு, தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு பொறியியல் அறிஞரும், கண்டுபிடிப்பாளரும், தொழில் முனைவரும், கல்வியாளரும் ஆவார். பள்ளிப்படிப்பை முடிக்காத இவர், தம் சொந்த முயற்சியால் இயந்திர நுட்பத்தைக் கற்றுத் தேர்ந்து, கோயம்புத்தூர் ஒரு தொழில் நகரமாக வளர அடித்தளம் இட்டவர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார். இந்தியாவின் எடிசன் என்றும், அதிசய மனிதர் என்றும் மக்களால் அழைக்கப்பட்டார். பேருந்துப் போக்குவரத்து, மின்னோடி, மின்சவரக் கருவி, வானொலி, வேளாண்மை, தொழிற்கல்வி எனப் பல துறைகளில் இவரது பங்களிப்பு பரந்துள்ளது. 1952-ஆம் ஆண்டில் இவர் உருவாக்கிய, இரண்டாயிரம் ரூபாய் விலையுள்ள இரண்டு இருக்கைப் பெட்ரோல் தானுந்து (கார்), அரசின் உரிமம் கிடைக்காததால் உற்பத்தி நிலையை எட்டாமலேயே நின்றுபோனது. இந்தியத் தானுந்துத் தொழில் வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்படும் நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், ஒரு வேளாண் குடும்பத்தில், 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு. சிறு வயதிலேயே தாயை இழந்த இவருக்குப் பள்ளிக்கூடத்தில் நாட்டம் ஏற்படவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி எறிந்துவிட்டு வகுப்பிலிருந்து ஓடினார் என்று இவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. தொடக்கக் கல்வியோடு பள்ளி வாழ்க்கை முடிவுக்கு வந்தது. அதன் பின் தந்தையின் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே, கிடைத்த தமிழ் நூல்களைத் தாமே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார்.

இவரது வாழ்க்கையின் போக்கை மாற்றியது ஒரு மோட்டார் சைக்கிள். ஆங்கிலேய வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் தம் ஊர்ப்பக்கம் ஓட்டி வந்த ரட்ஜ் என்னும் இங்கிலாந்து வண்டியைக் கண்ட துரைசாமி, மாடோ குதிரையோ இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவது எவ்வாறு என்று வியந்தார். அத்தகைய ஒன்றைத் தாமும் வாங்கிவிட வேண்டும் என்னும் எண்ணத்தோடு கோயம்புத்தூருக்குச் சென்று, ஓர் உணவு விடுதியில் பணியாளராகச் சேர்ந்தார். சில ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவுடன் அதை ஊரெங்கும் ஓட்டித் திரியாமல், பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்று ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். இவர் பெற்ற முதல் பொறியியல் பாடம் இதுவே எனலாம். பின்னர் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையிலும் ஈடுபட்டார்.

இதற்கிடையில் பருத்தித் தொழிலிலும் இறங்கினார். திருப்பூரில் பருத்தி அரைவை ஆலை நடத்தி, முதல் உலகப்போர்க் காலத்தில் நல்ல வருவாய் ஈட்டினார். ஆனால் பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் ஈடுபட்டபோது பெரும் இழப்பு ஏற்பட்டது. ஈட்டியதை இழந்து ஊர் திரும்பிய இவர், மீண்டும் இயந்திரத் துறையையே நாடினார்.

பேருந்துத் தொழில்

1910-களில் மதுரைப் பகுதியில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியிருந்தார். ஆயினும் கொங்கு நாட்டின் பெரும்பாலான ஊர்களில் மாட்டு வண்டிகளே அப்போது பயணத்திற்கு உதவின. கோயம்புத்தூரில் காப்பித் தொழில், நூற்பாலை, மோட்டார் வணிகம் ஆகியவற்றை நடத்திவந்த ஆங்கிலேயரான சர் ராபர்ட் ஸ்டேன்ஸ், துரைசாமியின் திறமையை உணர்ந்து, ஒரு பேருந்தைக் கடனில் வாங்குவதற்கு உதவினார். 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்து ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் அதை ஓட்டியவரும் அவரே. பழுது பார்த்தவரும் அவரே.

ஒற்றைப் பேருந்தாகத் தொடங்கிய இத்தொழில், யூ. எம். எஸ். என்னும் பெயரில் விரிவடைந்தது. 1933-ஆம் ஆண்டளவில் இந்நிறுவனத்திடம் 280 பேருந்துகள் இருந்தன. காலந்தவறாமைக்கு இந்நிறுவனம் பெயர் பெற்றிருந்தது.

பேருந்துத் தொழில் இவருக்குச் செல்வத்தை மட்டும் ஈட்டித் தரவில்லை. நாள்தோறும் புழுதியிலும் மேடு பள்ளத்திலும் ஓடும் நூற்றுக்கணக்கான பொறிகளின் தேய்மானத்தை நேரில் காணும் வாய்ப்பையும் அளித்தது. வெளிநாட்டிலிருந்து ஓர் உதிரிப் பாகம் வந்து சேரும் வரை வண்டியை நிறுத்தி வைக்க இயலாது. ஆகவே பழுது பார்க்கும் பட்டறைகளிலேயே பாகங்களைச் செய்யும் பழக்கம் ஏற்பட்டது. கோயம்புத்தூரில் வார்ப்படத் தொழிலும் கடைசல் தொழிலும் வளர்ந்ததற்கு நூற்பாலைகளோடு இத்தகைய மோட்டார்ப் பட்டறைகளும் காரணமாயின.

அயல்நாட்டுப் பயணங்களும் கண்டுபிடிப்புகளும்

1930-களில் நாயுடு ஐரோப்பாவுக்குப் பயணம் செய்தார். ஜெர்மனியின் தொழிற்சாலைகள் இவரைப் பெரிதும் கவர்ந்தன. ஜெர்மனியில் இட்லரைச் சந்தித்ததாகவும் இவரது வரலாற்றில் குறிப்பிடப்படுகிறது. ஒளிப்படக் கலையிலும் இவருக்கு ஈடுபாடு உண்டு. 1936-ஆம் ஆண்டு சனவரியில் லண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரையும் இவர் படமெடுத்துள்ளார்.

இக்காலத்தில் இவர் உருவாக்கிய கருவிகளுள் ராசன்ட் என்னும் மின்சவரக் கருவி புகழ் பெற்றது. உலர் மின்கலத்தால் இயங்கும் சிறிய மின்னோடி ஒன்று அதில் பொருத்தப்பட்டிருந்தது. மிக மெல்லிய சவரத் தகடு, ஒளிப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப் பதிவுக் கருவி ஆகியனவும் இவரது ஆக்கங்களாகக் குறிப்பிடப்படுகின்றன.

இக்கருவிகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். விலை உயர்ந்த ஒரு பொருளை எளிமையாக்கி, எளிய மக்களும் வாங்கும் விலைக்குக் கொண்டுவருவதே இவரது நோக்கமாக இருந்தது. 1941-ஆம் ஆண்டில், ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை இந்தியாவிலேயே எழுபது ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று இவர் அறிவித்தார். வானொலி செல்வர் வீட்டுப் பொருளாகக் கருதப்பட்ட காலம் அது.

மின்னோடித் தொழில்

1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் செயல்படத் தொடங்கியது. அங்கிருந்து கோயம்புத்தூர்ப் பகுதிக்கு மின்சாரம் கிடைத்ததால் நூற்பாலைகள் பெருகின. கிணற்று நீரை இறைக்க மின்னோடிகளும் தேவைப்பட்டன. அவை அனைத்தும் அதுவரை வெளிநாடுகளிலிருந்தே இறக்குமதி செய்யப்பட்டு வந்தன. இந்நிலையில், 1937-ஆம் ஆண்டில் பீளமேட்டில் இயங்கிய நேசனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் நிறுவனத்தில், டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்னோடியை இவர் உருவாக்கினார். பாலசுந்தரம் நாயுடு பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

இறைப்பி, மின்னோடி ஆகியவற்றின் உற்பத்தியில் கோயம்புத்தூர் பின்னாளில் நாட்டின் முதன்மையான நகரங்களுள் ஒன்றானது. மின்னோடியைப் பொறுத்தவரை முன்மாதிரியிலிருந்து சந்தை வரையிலான பாதை திறந்தே இருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தானுந்தைச் செய்து முடித்தபோது அப்பாதை அடைபட்டிருந்தது.

தொழிற்கல்வி

1944-ஆம் ஆண்டில் நாயுடு தம் மோட்டார் நிறுவனங்களின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி உதவித்தொகை, தொழிலாளர் நலம் முதலிய அறப்பணிகளில் கவனம் செலுத்தினார். அடுத்த ஆண்டில், அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் ஒரு தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் கோயம்புத்தூரில் தோன்ற இவர் காரணமாயிருந்தார். கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார்.

நான்கு ஆண்டுகள் நடத்தப்படும் பொறியியல் படிப்பில் பெரும் பகுதி வீணாகிறது என்பது இவரது கருத்து. முறையாகப் பயிற்சி அளித்தால் இரண்டு ஆண்டுகளே போதுமானவை என்று வாதிட்டார். அரசு இதனை ஏற்கவில்லை. எனவே முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். அக்கல்லூரி 1950-இல் தடாகம் சாலைக்கு இடம் மாறி, பின்னாளில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் வளர்ந்தது. கல்லூரி இடம் பெயர்ந்துவிட்ட போதிலும், அவிநாசி சாலையில் அது முன்பு இருந்த பகுதி இன்றும் ஹோப் காலேஜ் என்றே மக்களால் வழங்கப்படுகிறது.

இரண்டு இருக்கைத் தானுந்து

1952-ஆம் ஆண்டில் நாயுடுவின் பட்டறையிலிருந்து பெட்ரோல் பொறியால் இயங்கும் இரண்டு இருக்கைத் தானுந்து ஒன்று வெளிவந்தது. இரண்டாயிரம் ரூபாய்க்கு இதை விற்க இயலும் என்று கணக்கிடப்பட்டது. நடுத்தர வருவாய் உள்ள ஒருவர் வாங்கத்தக்க வண்டியை உருவாக்குவதே இதன் நோக்கம்.

அக்காலத்தில் உலகின் பிற பகுதிகளிலும் இத்தகைய முயற்சிகள் நடைபெற்றன. இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 1936-ஆம் ஆண்டிலேயே 569 கன செ.மீ. பொறியுடன் இரண்டு பேர் அமரும் சிறு வண்டியை விற்கத் தொடங்கியிருந்தது. பிரான்சில் சித்ரோயன் நிறுவனத்தின் 2சிவி என்னும் எளிய வண்டி 1948-இல் அறிமுகமானது. போரினால் நலிவுற்ற ஜெர்மனியில் 1953-இல் மெசர்சிமிட் நிறுவனத்தின் மூன்று சக்கரச் சிறு வண்டியும், 1955-இல் பி. எம். டபிள்யூ. நிறுவனத்தின் இசெட்டா வண்டியும் விற்பனைக்கு வந்தன. ஆகவே சிறிய, மலிவான வண்டி என்னும் நாயுடுவின் எண்ணம் காலத்திற்கு ஒவ்வாத ஒன்றன்று. அவரது வண்டி இவற்றுள் சிலவற்றுக்கு முற்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

முன்மாதிரியும் உற்பத்தியும்

ஒரு தானுந்துப் பொறியை ஒருமுறை செய்து ஓட்டிக் காட்டுவதும், அதையே ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்வதும் வெவ்வேறு பணிகளாகும். முன்மாதிரியில் உருளை (சிலிண்டர்), உந்துதண்டு (பிஸ்டன்), வணரித்தண்டு (கிராங்கு) முதலிய உறுப்புகளை ஒரு தேர்ந்த கடைசல் தொழிலாளி ஒன்றோடொன்று பொருந்தும்படி கையால் தேய்த்துச் சரிசெய்துவிட முடியும். உற்பத்தியில் அவ்வாறு செய்ய இயலாது. எந்த உந்துதண்டை எடுத்தாலும் எந்த உருளைக்குள்ளும் பொருந்துமாறு மிக நுண்ணிய அளவுத் துல்லியம் தேவைப்படும். அதற்குத் தனி வார்ப்புகள், பிடிப்புச் சாதனங்கள், அளவுகருவிகள், சிறப்பு எந்திரங்கள் ஆகியன வேண்டும். இவற்றின் செலவு பெரிது. பல்லாயிரம் வண்டிகளின் மீது பகிர்ந்தால் மட்டுமே ஒரு வண்டியின் விலை குறையும். எனவே இரண்டாயிரம் ரூபாய் என்னும் விலை, எண்ணிக்கையில் மிகுந்த உற்பத்தியைச் சார்ந்தே நிற்கக்கூடியது. அத்தகைய உற்பத்திக்கு எஃகு ஒதுக்கீடு, எந்திர இறக்குமதி, முதலீடு ஆகியன தேவை. அக்காலத்தில் இவற்றைப் பெற அரசின் அனுமதி இன்றியமையாததாக இருந்தது.

உரிமம் மறுக்கப்படல்

விடுதலைக்குப் பின் இந்திய அரசு, தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தை 1951-இல் இயற்றியது. 1952-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அட்டவணையில் குறிப்பிடப்பட்ட தொழில்களில் புதிய ஆலை தொடங்கவோ, இருப்பதை விரிவாக்கவோ மைய அரசின் உரிமம் பெறவேண்டும் என்று இச்சட்டம் விதித்தது. நாயுடுவின் வண்டி வெளிவந்ததும் இதே ஆண்டிலாகும். வண்டியை உற்பத்தி செய்வதற்கு வேண்டிய உரிமத்தை வழங்க அரசு மறுத்தது. அதனால் உற்பத்தி முயற்சி கைவிடப்பட்டது.

அரசின் கொள்கைக்குப் பின்னணியில் சில காரணங்கள் இருந்தன. 1951-இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டம் வேளாண்மைக்கும் பாசனத்திற்கும் முதலிடம் அளித்தது. தனியார் தானுந்து ஆடம்பரப் பொருளாகவே கருதப்பட்டது. அயல்நாட்டுச் செலாவணியைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியிருந்தது. சிறிய அளவிலான சந்தையைப் பல நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டால் எந்த நிறுவனமும் நிலைக்காது என்றும் அரசு எண்ணியது. 1953-ஆம் ஆண்டுத் தீர்வை ஆணையத்தின் பரிந்துரைப்படி, பாகங்களை இந்தியாவிலேயே செய்யும் திட்டம் உள்ள சில நிறுவனங்களே தொழிலில் நீடிக்க இடமளிக்கப்பட்டது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இதன் விளைவாக நாட்டைவிட்டு வெளியேறின.

எஞ்சியவற்றுள் பயணியர் தானுந்துகளைச் செய்தவை மூன்று. இந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் மோரிஸ் வடிவமைப்புகளையும், பம்பாயின் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் முதலில் அமெரிக்காவின் கிறைஸ்லர், பின்னர் இத்தாலியின் ஃபியட் ஆகியவற்றின் வடிவமைப்புகளையும், 1948-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் வடிவமைப்புகளையும் பின்பற்றின. அயல்நாட்டு இறக்குமதியைக் குறைக்கவும் உள்நாட்டுத் திறனை வளர்க்கவும் வகுக்கப்பட்ட கொள்கை, அயல்நாட்டு வடிவமைப்புகளைச் செய்வோருக்கு இடமளித்து, கோயம்புத்தூர்ப் பட்டறையில் உருவான ஒரு வண்டியை வெளியே நிறுத்தியது. நாயுடுவின் வரலாற்றை எழுதியோர் பலரும் வருந்துவது இம்முரணைக் குறித்தே ஆகும்.

மறுபுறம், உரிமம் கிடைத்திருந்தால் அவ்வண்டி வெற்றி பெற்றிருக்கும் என்று உறுதியாகக் கூறவும் இயலாது. பல்லாயிரம் மைல் ஓட்டத்தைத் தாங்கும் பொறி, நாடெங்கும் பழுது பார்க்கும் வசதி, பெரும் முதலீடு ஆகிய சோதனைகளை அது கடந்தாக வேண்டும். அந்தச் சோதனைகளைச் சந்திக்கும் வாய்ப்பே அதற்கு வழங்கப்படவில்லை என்பதே வரலாறு.

ஒத்த முயற்சிகள்

உற்பத்திக்கு வராத தானுந்துப் பொறிகள் எல்லா நாடுகளிலும் உண்டு. ஆனால் அவை நின்றுபோன காரணங்கள் வேறுபடுகின்றன. அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் 1963-64-ஆம் ஆண்டுகளில் வளிமச் சுழலிப் பொறி பொருத்திய ஐம்பது தானுந்துகளைப் பொதுமக்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் செய்தது. செலவும் எரிபொருள் பயன்பாடும் மிகுந்திருந்ததால் திட்டத்தைத் தொடரவில்லை. பெரும்பாலான வண்டிகளை நிறுவனமே அழித்துவிட்டது. ஜெர்மனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் பெலிக்ஸ் வாங்கெல் கண்டுபிடித்த சுழற்பொறியைக் கொண்டு சி111 என்னும் விரைவு வண்டியை 1969-இல் செய்தது. 1970-இல் காட்சிக்கு வைக்கப்பட்ட அதன் நான்கு சுழலிப் பொறி ஏறத்தாழ 350 குதிரைத்திறன் ஆற்றல் கொண்டது. வாங்க விரும்பியோர் பலர் இருந்தும், எரிபொருள் செலவும் புகை வெளியேற்றச் சிக்கலும் கருதி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. இவ்விரண்டிலும் முடிவெடுத்தவர் அப்பொறியைச் செய்தவரே. நாயுடுவின் வண்டியில் அம்முடிவு அவர் கையில் இல்லை.

இந்தியாவில், மகாராட்டிர மாநிலம் இச்சல்கரஞ்சியைச் சேர்ந்த சங்கரராவ் குல்கர்ணி 1949-ஆம் ஆண்டு முதல் மீரா என்னும் சிறு வண்டியின் பல முன்மாதிரிகளைச் செய்தார். அதுவும் சந்தைக்கு வரவில்லை. மலிவு விலைத் தானுந்து பற்றிய பேச்சு அரசு வட்டாரத்திலும் 1950-களின் இறுதியில் எழுந்தது. எல். கே. ஜா தலைமையிலான குழு இதனை ஆராய்ந்தது. எனினும், அரசுடைமையான மாருதி நிறுவனத்தின் சிறிய வண்டி சப்பானின் சுசுகி நிறுவனத்தின் ஒத்துழைப்போடு சாலைக்கு வர 1983-ஆம் ஆண்டு டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. நாயுடுவின் வண்டிக்கும் மாருதிக்கும் இடைப்பட்ட காலம் முப்பத்தோர் ஆண்டுகள் ஆகும். தானுந்துத் தொழிலுக்கு உரிமம் பெறும் கட்டாயம் 1993-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

வரிக் கொள்கைக்கு எதிர்ப்பு

அரசின் வரி விதிப்பும் கட்டுப்பாடுகளும் புதியன படைப்போரின் ஊக்கத்தைக் கெடுக்கின்றன என்று நாயுடு கருதினார். தம் எதிர்ப்பைப் புலப்படுத்த, 1950-களில் தம் கண்டுபிடிப்புகள் சிலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து நொறுக்கினார். வாழ்நாளெல்லாம் இயந்திரங்களைப் பூட்டி இணைத்த ஒருவர் அவற்றைத் தம் கையாலேயே அழித்தது தமிழகத்தில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. இதனைத் துணிவான செயல் என்று போற்றியோரும் உண்டு. பயன்படும் பொருள்களை வீணாக்கியது தவறு என்று கூறியோரும் உண்டு.

அரசியலில் இவர் பெரிதாக ஈடுபடவில்லை. 1930-களின் நடுவில் ஒரு தேர்தலில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். பெரியார் ஈ. வெ. இராமசாமியுடன் நெருங்கிய நட்பு கொண்டிருந்தார்.

வேளாண்மையும் பிற பணிகளும்

வேளாண் குடும்பத்தில் பிறந்த நாயுடு, நிலத்தையும் ஓர் ஆய்வுக்கூடமாகவே கருதினார். பருத்தி, பப்பாளி, ஆரஞ்சு முதலிய பயிர்களில் ஆய்வுகள் செய்தார். வழக்கத்தைவிடப் பன்மடங்கு உயரமாக வளர்ந்த இவரது பருத்திச் செடிகளைக் காண அறிஞர்கள் பலர் வந்தனர். இயற்பியல் அறிஞர் சர் சி. வி. இராமன், பொறியாளர் எம். விசுவேசுவரய்யா ஆகியோர் இவரது பணிகளைப் பார்வையிட்டுப் பாராட்டினர்.

அடித்தளம் முதல் மேற்கூரை வரை ஒரே நாளுக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டியதும் இவரது செயல்களுள் ஒன்று. வேலையை முறையாகப் பிரித்துத் திட்டமிட்டால் நேரத்தையும் செலவையும் குறைக்கலாம் என்பதை மெய்ப்பிக்கவே இதனைச் செய்தார். பேருந்து நேரத்திலும், கல்லூரிப் படிப்பின் காலத்திலும் இவர் காட்டிய அதே சிந்தனையை இதிலும் காணலாம்.

இறுதிக் காலமும் மறைவும்

தம் பிற்காலத்தில், தொழிற்பொருள்களையும் இயந்திரங்களையும் மாணவர்களும் பொதுமக்களும் நேரில் கண்டு கற்பதற்காகக் கோயம்புத்தூரில் நிலையான தொழிற்கண்காட்சி ஒன்றை அமைத்தார். கண்காட்சி அமைந்த கட்டிடம் பிரசிடெண்ட் ஹால் எனப்படுகிறது. 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், தமது 80-ஆம் வயதில் ஜி. டி. நாயுடு காலமானார். அவருக்குப் பின் அவரது மகன் ஜி. டி. கோபால் அறப்பணிகளையும் நிறுவனங்களையும் நடத்தினார்.

நினைவுகள்

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் நாயுடுவின் பெயரில் அமைந்த அருங்காட்சியகத்தில் அவர் செய்தனவும் சேகரித்தனவுமான பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. அதனையடுத்து, பல நாடுகளின் பழைய வண்டிகளைக் கொண்ட ஜிடி கார் அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டது. இவரைப் பற்றித் திரைப்படப் பிரிவு தயாரித்த ஆவணப்படம், 66-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிவியல் தொழில்நுட்பப் படத்திற்கான விருதைப் பெற்றது. அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீளத்தில் கட்டப்பட்ட மேம்பாலத்திற்கு ஜி. டி. நாயுடு மேம்பாலம் எனப் பெயரிடப்பட்டு, 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 9 அன்று திறந்து வைக்கப்பட்டது.

கோயம்புத்தூரின் பட்டறை மரபு பின்னாளில் பந்தய வண்டிகளின் துறையிலும் வெளிப்பட்டது. எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில், மாருதிப் பொறியைப் பயன்படுத்திக் குறைந்த செலவில் பந்தய வண்டிகளை இந்நகரில் உருவாக்கினார். அவர் நினைவாகப் பெயரிடப்பட்ட பந்தயத் தடம் 2003-இல் செட்டிபாளையத்தில் தொடங்கப்பட்டது. பார்முலா 1 பந்தயத்தில் 2005-இல் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்நகரைச் சேர்ந்தவரே.

மதிப்பீடு

ஜி. டி. நாயுடுவின் புகழுக்குப் பேருந்துகளும் மின்னோடியும் மின்சவரக் கருவியும் போதுமானவை. ஆயினும் அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நினைவுகூர்வது, சந்தைக்கு வராத அந்த இரண்டு இருக்கை வண்டியையே ஆகும். ஒரு கண்டுபிடிப்பு மக்களைச் சென்றடைவதற்கு அறிவும் கைத்திறனும் மட்டும் போதா. சட்டமும் முதலீடும் மூலப்பொருளும் அதனோடு ஒத்திசைய வேண்டும் என்பதற்கு அவ்வண்டி ஒரு சான்றாக விளங்குகிறது. 1937-இல் மின்னோடியைச் செய்ய அவரும் அவரது நண்பரும் யாரிடமும் அனுமதி பெற்றாக வேண்டிய நிலை இல்லை. அதிலிருந்து ஒரு தொழில் தோன்றியது. 1952-இல் தானுந்தைச் செய்தபோது அனுமதி தேவைப்பட்டது, அது கிடைக்கவில்லை. ஒரே மனிதர், ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே பட்டறைத் திறன் ஆகியவற்றிலிருந்து பிறந்த இவ்விரு முயற்சிகளின் வேறுபட்ட முடிவுகள், இந்தியத் தொழில் வரலாற்றைப் பயிலும் மாணவர்கள் ஒப்பிட்டு நோக்கத்தக்கவை.